பைக்குள் இருந்த ஜாக்கெட்

ஆயா கேட்டது ஒரே கேள்விதான். “இத்தாம்பெரிய பையத் தூக்கிட்டு வர்றியே கண்ணு, அதுல ஒரு மாத்துத்துணி இல்லியா?” இருந்தது. பையின் நடுவில், தண்ணீர் புகாத உறைக்குள், இறுக்கிச் சுருட்டி வைத்த, வாத்துத்தூவி அடைத்த ஜாக்கெட் இருந்தது. மைனஸ் 20 டிகிரிக்கென்று தேடி, ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கியது. அதைத் தோளில் சுமந்துகொண்டே, நனைந்த பனியனோடு, சேர்வராயன் கோயில் மேட்டில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நடந்திருக்கிறேன். ஏன் எடுத்துப் போடவில்லை என்று ஆயா கேட்கவில்லை. அந்தக் கேள்வியை மூன்று வருடமாக நானேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சேலத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது, “ஏற்காட்டுலயா?” என்ற ஆச்சரியம்தான். ஏற்காட்டில்தான்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. பன்னிரண்டு வயதில் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். கண்ணால் பார்க்காமலே, விரல் நுனியால் தடவி, எந்த வளையம் சரியாகச் சேரவில்லை என்று சொல்லிவிடுவேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு முதலில் என்னைக் கைவிட்டவை இந்த விரல்கள்தான். அதைவிடப் பெரிய விஷயம், அவை கைவிட்டது எனக்குத் தெரியவே இல்லை.

ஏன் தனியாக

2019 பிப்ரவரியில் நண்பர்களோடு லடாக் போய் ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் நடந்தேன். சாதர் நடை. ஆறு உறைந்து கிடக்கும் அந்தச் சில வாரங்களில் பனிப்பாளத்தின் மேலேயே போய், இரவில் கரையோரக் குகைகளில் ஒண்டிக்கொள்கிற வழி அது. முன்னால் போகிற ஜான்ஸ்கர்க்காரர் கம்பால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் கெட்டியாக வந்தால் நடக்கலாம், பொள்ளலாகக் கேட்டால் ஓரம் ஒதுங்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். உறையும்போது மேல்பரப்புதான் முதலில் உறையும், தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் திறந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றையும் அங்கே பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன்.

நாங்கள் பதினான்கு பேர். ஓயாத பேச்சு, பாட்டு, போட்டோ. நான்காம் நாள் மத்தியானம் ஷூ நாடா அவிழ்ந்து பின்தங்கிவிட்டேன். எல்லோரும் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். இருபது நிமிடம் இருக்கும். காலடியில், பாளத்துக்குக் கீழே, ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. நான்கு நாளாக அதன் மேலேதான் நடந்துகொண்டிருந்தேன், அன்றுதான் காதில் விழுந்தது. அந்த இருபது நிமிடத்தில் என்ன நடந்தது என்று எழுதிக் காட்ட எனக்கு வராது. பட்டறையில் தொடர்ந்து மூன்று மணி நேரம் வேலை பார்த்துவிட்டு ஊதுகுழலைக் கீழே வைக்கும்போது மனசு ஒரு மாதிரி சலனமே இல்லாமல் இருக்கும். அதை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் தனியாகப் போக ஆசைப்பட்டேன். தனியாகப் போகிறவர்களைத் திமிர் பிடித்தவர்கள், பெயருக்கு அலைகிறவர்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சிலர் அப்படியும் இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆற்றுச் சத்தம்.

மார்க்கா பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தேன். சில்லிங்கில் தொடங்கி, ஸ்கியூ, மார்க்கா, ஹன்கார் என்று ஊர்கள் வழியாக ஏறி, 5,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற கொங்மாரு லா கணவாயைக் கடந்து இறங்குகிற பாதை. கோடையில் கூட்டம் போகும். பிப்ரவரியில் ஊர்க்காரர்களைத் தவிர ஆள் நடமாட்டம் குறைவு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதிதான், மூச்சில் போகிற ஆக்சிஜனும் அவ்வளவுதான். வீட்டில் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். மனைவி போகாதே என்று சொல்லவில்லை. “நடுவழியில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு எத்தன நாள் கழிச்சுத் தெரியும்?” என்று மட்டும் கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரிலிருந்து ஊருக்கு ஒரு பகல் நடை. நடுவில் நான் விழுந்தால், பின்னால் இருக்கிற ஊர் நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொள்ளும், முன்னால் இருக்கிற ஊருக்கு நான் வருவதே தெரியாது. வெளிநாட்டில் தனியாகப் போகிறவர்கள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். நம் நாட்டில் அரசின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், தெரியாமல் கொண்டுவந்து பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. அவளுக்குச் சொல்ல என்னிடம் ஓர் எண் இல்லை. “பழகிட்டுத்தான் போவேன்” என்று சொல்லி வரைபடத்தை மடித்துவிட்டேன்.

பழகினது நம்ம மலையில். சேலம் டவுன் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேர்வராயன் கோயில் மேடு 1,623 மீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஊருக்குள் நுழையாமல் கோயிலுக்குப் போய், திரும்பிக் கொட்டச்சேடு, வாழவந்தி, குப்பனூர் வழியாக இறங்கினால், இரண்டு நாளில் கால் கதறிவிடும். பையில் பதினாறு கிலோ. முதல் மாதம் அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் போட்டு எடையை நிரப்பினேன். அப்புறம் எதைச் சுமந்து போகப்போகிறேனோ அதையே சுமந்து பழக வேண்டும் என்று, ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, தூவி ஜாக்கெட் எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். காட்டுத்தடத்தில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் ரோட்டை விட்டு இறங்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் அத்தனை பேர் போனபிறகு இதில் விளையாடக் கூடாது என்பது என் கட்சி.

மூங்கில்

இப்படிப் பழகின இரண்டு வருடமும் இரவில் கொலுசுக்குப் பக்கத்திலேயே படிப்பும் நடந்தது. படிக்கப் படிக்க ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. பனிமலைக்கென்று உண்டான கருவிகளும் விதிகளும் பாதிக்கு மேல், பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு உண்டானவை. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒரு சமிக்ஞைக் கருவி உண்டு, எல்லோரும் மார்பில் கட்டிக்கொள்வார்கள். புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வைக்க நல்ல வாய்ப்பு, நேரம் கூடக்கூட அது மளமளவென்று சரியும். ஆனால் அந்தக் கருவி தோண்டாது. மேலே நிற்கிற ஆள்தான் தோண்ட வேண்டும். தனியாகப் போகிறவன் மார்பில் அது பாட்டுக்கு சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும், கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். உயரத்தில் மூளை வீங்கத் தொடங்கினால் கண்டுபிடிக்க ஒரு சோதனை: குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து, கோடு போட்டாற்போல் நடக்கச் சொல்வார்கள், தடுமாறினால் உடனே கீழே இறக்க வேண்டும். நடக்கச் சொல்லிப் பார்க்கிறவர் வேறு ஆள். தடுமாறுகிறவனுக்குத் தான் நேராகத்தான் நடக்கிறோம் என்று தோன்றும்.

இந்த இடத்தில்தான் உவேமுரா நவோமி என்கிற ஜப்பானியர் எனக்குள் வந்து உட்கார்ந்தார். வட துருவத்துக்கு 1978-ல் நாய் வண்டியில் தனியாகப் போனவர். 1984 பிப்ரவரி 12, அவருடைய 43-வது பிறந்தநாள். அன்று அலாஸ்காவில் 6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலியின் உச்சியைக் குளிர்காலத்தில் தனியாகத் தொட்ட முதல் மனிதர் ஆனார். பனிப்பாளங்களில் வெடிப்புகள் இருக்கும், மேலே மெல்லிய பனி மூடியிருக்கும், கால் வைத்தால் உள்ளே போய்விடலாம். அதற்காகத்தான் இரண்டு மூன்று பேராகக் கயிற்றில் கட்டிக்கொண்டு போவார்கள். உவேமுராவுக்குக் கயிற்றின் மறுமுனையில் ஆள் இல்லை. நீளமான மூங்கில் கழிகளை உடம்போடு குறுக்காகக் கட்டிக்கொண்டு நடந்தார். விழுந்தால் வெடிப்பின் இரண்டு ஓரத்திலும் மூங்கில் மாட்டிக்கொண்டு அவரைத் தாங்கும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இல்லாத ஒரு மனிதருக்குப் பதிலாக ஒரு மூங்கிலை வைக்க முடியும் என்றால், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மூங்கிலைக் கண்டுபிடித்துவிடலாமே என்று நினைத்தேன். உச்சியைத் தொட்ட மறுநாள் வானொலியில் பேசினார். அதற்குப் பிறகு சத்தமில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அதையும் படித்தேன், ஆனால் மூங்கில்தான் மனதில் நின்றது.

அந்த மத்தியானம்

கார்த்திகை கடைசி. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், இரண்டு நாளாகச் சேலத்திலேயே சூரியனைக் காணோம். இப்படிப்பட்ட நாளில்தான் பழக வேண்டும் என்று கிளம்பினேன். மேலே பருத்திப் பனியன், அதன் மேல் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பான். குளிர் மலையில் பருத்தி ஆகாது, நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏற்காடுதானே என்று போட்டுக்கொண்டேன். வளைவு ஏறும்போதே வியர்வையில் பனியன் நனைந்துவிட்டது. ஊரைத் தாண்டும்போது தூறல். கோயில் மேட்டில் மரம் மறைவு எதுவும் கிடையாது, வெட்டவெளி. காற்று மழையைக் கிடைமட்டமாக அடித்தது. பையில் தொங்கிய வெப்பமானி 13 காட்டியது. மைனஸ் இல்லை, பிளஸ் 13. குகைக்கோயிலில் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது நடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

ஜாக்கெட்டைப் பற்றி யோசித்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மறந்துபோகவில்லை. வாத்துத்தூவி நனைந்தால் உப்பல் போய் எதற்கும் உதவாது, இந்த மழையில் வெளியே எடுத்தால் வீணாகிவிடும், பையைத் திறந்தால் ஸ்லீப்பிங் பேக்கும் நனையும், லடாக்குக்கென்று வைத்திருப்பதை இங்கே பாழாக்கலாமா, இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் சூடு பிடித்துவிடும். ஒவ்வொன்றும் சரியான நியாயமாகப் பட்டது. பொறுப்பாக நடந்துகொள்கிறோம் என்று ஒரு திருப்தி கூட இருந்தது. சில அடி தூரத்தில் கோயிலில் மழை படாத இடம் இருந்தது, அங்கே நின்று எடுத்துப் போட்டிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. அப்புறம் நடுக்கம் குறைந்தது மாதிரி இருந்தது. உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வழியில் ஓர் எஸ்டேட்டின் லைன் வீடுகள். காப்பிப் பழம் பறிக்கிற காலம், மழையால் வேலை நின்று போய் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அந்த ஆயா திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்து வந்தேனாம். குடித்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தாராம். “எங்க சாமி போற?” என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை, நாக்கு குழறியிருக்கிறது. எனக்கு நான் பேசியது தெளிவாகத்தான் கேட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், “சட்டையக் கழட்டு மொதல்ல” என்றார். கழுத்தடியில் இருக்கிற ஜிப்பின் நுனியை என்னால் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மாட்டேன் என்கின்றன. அரைக் குண்டுமணி அளவு வெள்ளிமணியை இடுக்கி இல்லாமல் எடுக்கிற விரல்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பயம் கூட வரவில்லை. அவர்தான் ஜிப்பை இறக்கினார், ஒரு குழந்தைக்குச் செய்வதுபோல. ஈரத்துணியை எல்லாம் உருவிப் போட்டு, காய்ந்த போர்வையைச் சுற்றி, அதன் மேல் காப்பிச் சாக்கை அடுக்கி, அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து, வெல்லம் தூக்கலாகப் போட்ட கடுங்காப்பியை வாயில் வைத்து ஊட்டினார். கையைத் தேய்க்கவில்லை, நெருப்பில் காட்டவில்லை. நான் படித்த புத்தகங்கள் எதைச் செய்யச் சொல்கின்றனவோ அதையே ஒன்று விடாமல் செய்தார். காப்பி உள்ளே போன பிறகுதான் மறுபடி நடுக்கம் வந்தது, பல் உடைந்துவிடும் போல. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நடந்தது என்ன என்று எனக்கு இன்றைக்கு நன்றாகத் தெரியும். உடம்பின் உள்சூடு 37-லிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்தின் வாசல். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் சூட்டை இழுக்கும், அதனால் காய்ந்த மைனஸ் 20-ஐவிட மழையும் காற்றும் சேர்ந்த சாதாரணக் குளிர் பலரை ஏமாற்றிவிடுகிறது. கை கால்களுக்கு ஓடுகிற ரத்தத்தை உடம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும். நடுக்கம் நிற்பது தேறியதற்கு அறிகுறியாக இருக்கலாம், உடம்பு தோற்கத் தொடங்கியதற்கும் அறிகுறியாக இருக்கலாம். இதெல்லாம் அன்று காலையிலும் எனக்குத் தெரிந்ததுதான். நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. குளிர் முதலில் போய்க் கைவைத்தது அந்த நோட்டை எடுத்துப் பார்க்கச் சொல்கிற புத்தியின் மேல். உள்ளே உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறவனே குளிர்ந்துபோன பிறகு, அவன் சொல்கிற தீர்ப்பு எல்லாம் அவனுக்கு நியாயமாகத்தான் இருக்கும். கால் தடுமாறினால் கம்பு ஊன்றலாம், வெடிப்பில் விழுந்தால் மூங்கில் தாங்கும். இதற்கு எதைக் கட்டிக்கொள்வது?

அந்த பிப்ரவரியில் நான் லடாக் போகவில்லை. பயிற்சி போதாது என்று வெளியில் சொன்னேன். மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பையை எடுத்துவந்து, ஜாக்கெட் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன்.

திருகாணி

தனியாகப் போவதை விட்டுவிடு என்று நெருங்கினவர்கள் சொல்கிறார்கள். கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பது உண்மைதான். ஜான்ஸ்கர்க்காரர்களே அந்த ஆற்றில் கூட்டமாகத்தான் போய் வருகிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த இருபது நிமிட ஆற்றுச் சத்தத்தையும் என்னால் விட முடியவில்லை. ஆகவே ஒரு மூங்கிலைத் தேடத் தொடங்கினேன். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்ப்பது என்று ஒரு பழைய சோதனை உண்டு, தொட முடியாவிட்டால் குளிர் ஏறிவிட்டது என்று அர்த்தம். சில மாதம் அதைச் செய்தேன். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கிட்டே போய்விட்டு, தொட்டாயிற்று என்று சொல்லிக்கொள்ள முடியும். அன்றைக்கு இருந்த நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். சமாதானம் சொல்ல முடியாத ஒரு சோதனை வேண்டும்.

பட்டறையில் கிடந்த பழைய குழந்தைக் கொலுசு ஒன்றை எடுத்தேன். திருகாணி வைத்தது. மரை நுணுக்கமானது, நேராகப் பிடித்தால்தான் ஏறும், கொஞ்சம் சாய்ந்தாலும் பிடிக்காது. இதில் மழுப்ப வழியே இல்லை, ஒன்று மூடியிருக்கும் அல்லது கையில் தொங்கும். இப்போது கைக்கடிகாரம் முக்கால் மணிக்கு ஒரு தரம் ஒலிக்கும். எங்கே இருந்தாலும் நின்று, கொலுசை எடுத்து, திருகாணியை முழுசாகக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். ஒரே முறையில் பூட்டாவிட்டால் பையை இறக்கி ஜாக்கெட்டைப் போட வேண்டும். யோசிக்கக் கூடாது, குளிருகிறதா என்று என்னையே கேட்கக் கூடாது. ஜாக்கெட் இப்போது பையின் வாயிலேயே இருக்கிறது. மனைவி அந்த விதியைத் தன் கையால் எழுதி அட்டையாக்கி, ஜிப்பில் கட்டியிருக்கிறாள்.

லடாக்குக்கு இந்தக் கொலுசு ஆகாது. உலோகங்களிலேயே வேகமாகச் சூட்டைக் கடத்துவது வெள்ளி, கம்பியின் ஒரு முனையைத் தீயில் காட்டினால் மறுமுனை விரலைச் சுடும் என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மைனஸ் 20-ல் வெறுங்கையில் பிடித்தால் விரலில் இருக்கிற சூட்டை அதே வேகத்தில் உருவிக்கொள்ளும். மரத்தில் மரை வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு உடைந்துவிட்டன. மூன்றாவது தேறும் போலிருக்கிறது.

ஆயாவை வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்த்துவிடுவேன். போனால் பையின் மேல்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்ப்பார். “மேலதான் இருக்குதா?” என்பார். “மேலதான் இருக்கு ஆயா.” அதற்குப் பிறகுதான் காப்பி.

போன வாரம் மார்கழி மூடுபனியில் ஏறினேன். பதினேழாவது வளைவில் கடிகாரம் ஒலித்தது. மதில் கட்டையில் உட்கார்ந்து கொலுசை எடுத்தேன். திருகாணி சுலபமாகக் கழன்றது. பூட்டும்போது மரை பிடிக்கவில்லை. பனி ஈரம் படிந்து வழுக்கியிருக்கும், கொலுசும் பழசு, நன்றாகத்தானே ஏறி வந்துகொண்டிருக்கிறேன், இன்னொரு தரம் பார்க்கலாமே என்று வரிசையாக வந்தது. எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. பையை இறக்கி, ஜாக்கெட்டை எடுத்துக் கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டேன். எனக்குக் குளிரவே இல்லை.